மேனேஜர் வரும் இடங்கள்

டிவி தொடர்களை முன்கூட்டியே பார்த்து, எந்த நிமிடத்தில் எது மனசைப் புண்படுத்தும் என்று எச்சரிக்கைப் பட்டியல் எழுதுவது என் வேலை. பதினோரு வருஷமாக இந்தப் பிழைப்புதான். போன வாரம் ஆபீஸில் நடக்கிற நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்தது. இமை கொட்டாமல் பார்த்து ஒரே வரி எழுதினேன்: “ஒன்பதாம் நிமிடம்: ஒருவர் சிகரெட் பிடிக்கிறார்.”

எங்கள் மேனேஜர் கூப்பிட்டார்.

“யோவ், தொடர்ல வர்ற மேனேஜர் எல்லாரையும் நாய் மாதிரி நடத்துறான். அம்மாவுக்கு ஆபரேஷன்னு லீவு கேட்டவளைக் கிண்டல் பண்றான். ஃபைலைத் தூக்கி மூஞ்சியில வீசுறான். உன் கண்ணுல படலையா?”

“பட்டுச்சு சார். ஆபீஸ்னா அப்படித்தானேன்னு விட்டுட்டேன்.”

“மரக்கட்டையாய்யா நீ? பாக்குறவங்க மனசு என்ன பாடுபடும்?” என்று கத்திக்கொண்டே என் பட்டியலை என் முகத்திலேயே விட்டெறிந்தார்.

குனிந்து எடுத்தேன். பழக்க தோஷம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அன்றே திருத்திக் கொடுத்த பட்டியலின் கடைசி வரி: “மதியம் மூன்று பத்து: மேனேஜர் ஊழியர் முகத்தில் காகிதத்தை வீசுகிறார்.”

வரி விடாமல் படித்தார். “இப்பத்தான்யா உனக்குக் கண்ணு திறந்திருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.