ஒத்திகையில் செத்த மாரியம்மாள்

பெற்ற தாயின் சாவுக்கு நாற்பது வெள்ளி. சிங்கப்பூரில் ராக்கப்பன் விற்ற விலை அது. இழுத்துப் பேசியிருந்தால் ஐம்பதுகூடத் தேறியிருக்கும்.

வாங்கியவர் லியாங் வெய்ஷெங். சீன மொழியில் நாடகம் எழுதித் தானே இயக்குபவர். ஒரு நாடகத்துக்காக இரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். வெளியே வந்ததும் எழுதுவதைக் குறைத்துக் கேட்க ஆரம்பித்தார். கட்டட வேலையாட்களை ஞாயிறுதோறும் ஒத்திகை அறையில் வட்டமாக உட்காரவைத்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்லச் சொல்வார். கதைக்கு இருபது வெள்ளி. மேடைக்குத் தேறினால் நாற்பது. சொன்னவன் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பதுக்குத் தேறுவதெல்லாம் சாவுதான் என்று ராக்கப்பன் இரண்டே வாரத்தில் கண்டுகொண்டான். மூன்றாவது ஞாயிறு, ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாய் மாரியம்மாளைக் கொன்றான். கான்கிரீட் கொட்டும்போது போன் வந்ததாம், சூப்பர்வைசர் லீவு தரவில்லையாம், மண்வெட்டியும் கையுமாக நின்றே அழுதானாம். அழுதும் காட்டினான். அறையே அழுதது.

அந்த அழுகைதான் லியாங்கைத் தூக்கி நிறுத்தியது. அதை வைத்து அவர் போட்ட நாடகம் தைபேயில் மூன்று மாதம் ஓடியது. பரிசுகள் குவிந்தன. சீடர்கள் ஊருக்கொரு குழு தொடங்கினார்கள். சீன நாடகத்தையே அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரித்துப் பேசினார்கள்.

பதினாலு வருஷம் கழித்து நாடகம் துபாய்க்கு வந்தது. மேடைக்கு இரும்புச் சாரம் செய்யும் ஆர்டர், ஷார்ஜா தொழில்பேட்டையில் ராக்கப்பன் இப்போது வெல்டிங் பார்க்கும் பட்டறைக்குக் கிடைத்தது. பூட்டப் போன இடத்தில், ஒரு சீன நடிகன் மண்வெட்டியோடு "மாரியம்மா" என்று கதறிக்கொண்டிருந்தான்.

மாரியம்மாள் நிஜமாகவே இறந்து அன்றைக்கு இருபத்தாறு நாள். பாஸ்போர்ட் அரபி முதலாளி கஃபீல் கையில்; லீவு கேட்டால் மாஃபி, கிடையாது. ராக்கப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

கூட வந்த அன்பரசன் சொன்னான்: "அண்ணே, உங்க ஆத்தாளுக்கு அவென் அழுகுறான், நீங்க நட்டு முறுக்கிக்கிட்டு நிக்கிறீக."

ராக்கப்பன் ஸ்பேனரை வைத்துவிட்டு லியாங்கிடம் போனான். தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அன்னிக்குச் சொன்னது பொய் சார். ஆத்தா இப்பத்தான் செத்துச்சு. அந்தக் காட்சிய எடுத்துருங்க. பேரையாவது எடுத்துருங்க."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்யென்று அன்றைக்கே தெரியும். அழுது முடித்து, இடைவேளையில் உன் அம்மாவோடு போனில் பேசிச் சிரித்தாய். உங்கள் கதைகளை மொழிபெயர்த்த எங்கள் தமிழ் நடிகை கேட்டுவிட்டுச் சொன்னாள்."

"பெறகு எதுக்கு வாங்குனீக?"

"நிஜமாகச் செத்திருந்தால் அவ்வளவு நன்றாக அழுதிருப்பாயா?"

காட்சியும் பெயரும் கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பதை மரியாதையாக நினைவூட்டினார். பிறகு, இந்த நடிகனுக்கு அழுகை சற்றே தளர்ந்துவிட்டதென்றும், ஒரே ஒரு தடவை அழுது காட்டினால் உதவியாக இருக்குமென்றும் கேட்டுக்கொண்டார்.

ராக்கப்பன் மண்வெட்டியை வாங்கிச் சாரத்தடியில் நின்றான். வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த லியாங் போதுமென்று கையசைத்து, நடிகனைத் திரும்ப அழைத்தார்.

நாடகத்தில் மாரியம்மாள் செத்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை, ஒன்றுவிடாமல் அழுதாயிற்று. ஊரில் செத்தது ஒரு தடவை. மகன் அழ வேண்டியது பாக்கி.