கொழுந்தன் துடைத்த இன்ஜின்

லாரியின் சைலன்சர் படபடவென்று வெடிக்கத் தொடங்கிய முதல் நாள் கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன் பேசுறாரு அண்ணி," என்றான்.

அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷர். குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட வாயைத் திறக்காமல் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறவர். செத்து நான்கு மாதம் கழித்து, சைலன்சர் வழியாக, தெரு நாயெல்லாம் தெறித்து ஓடும்படி பேசக்கூடியவரா அவர்?

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது அந்த லாரி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நாற்பது வயதைத் தாண்டியது. கணவர் தினமும் காலையில் அதைக் கிளப்பிவிட்டு, டீ டம்ளரை முன் சக்கரத்து மட்கார்டு மேல் வைப்பார். டீயில் மெல்லிய வளையம் ஒன்று ஓடும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. சிந்தினால் அன்றைக்கு வண்டி எடுக்க மாட்டார். இப்போது அதே மட்கார்டு மேல் டம்ளரை வைத்தால் அது தானாகவே நடந்துபோய் விழுந்தது. சும்மா நிற்கும்போதே வண்டி காய்ச்சல் கண்டதுபோல் உதறியது. கார்புரேட்டர் தும்மியது. சைலன்சர் வெடித்தது.

அந்த லாரியை நம்பித்தான் அவள் இருந்தாள். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது குடும்பத்தில் ஒரு நகைச்சுவையாக மட்டுமே பேசப்பட்டது. மரப்பட்டறை முதலாளி, கணவர் ஓட்டிய அதே பலகை லோடை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் லோடு. ஆனால் வண்டி மாமனார் வாங்கியது. பதிவுப் புத்தகத்தில் கொழுந்தன் பெயரும் இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் அண்ணி. சரியா ஓடுச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவோம். நீங்க எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படணும்?"

அவளுக்கு நாற்பத்து நான்கு. அவனுக்கு நாற்பத்து மூன்று.

மெக்கானிக்கை அழைத்து வந்தவனும் அவன்தான். அவருக்குப் பட்டப்பெயர் டாக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. புதன்கிழமை, "கார்புரேட்டர்ல அடைப்பு," என்று அதைக் கழற்றிக் கழுவினார். லாரி வெடித்தது. வியாழக்கிழமை, "பெட்ரோல் சரியில்ல," என்று டேங்கை வடித்தார். லாரி இன்னும் சுத்தமாக வெடித்தது. வெள்ளிக்கிழமை நெடுநேரம் காது வைத்துக் கேட்டுவிட்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"வால்வு போயிருச்சும்மா. இன்ஜின் ஹெட்டையே கழட்டி இறக்கணும். வண்டிக்கும் மனசு உண்டு இல்லையா? முதலாளி போன ஏக்கம்."

"ஏக்கம்னா நாலு மாசமா எங்க போயிருந்துச்சுண்ணே?" என்று கேட்டாள் அவள். "போன சனிக்கிழமை நான் கிளப்புனப்போ நல்லாத்தானே ஓடுச்சு?"

டாக்டர் அதைக் கேட்கவில்லை. காதில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

அன்று பாத்திரம் துலக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை நன்றாக இருந்தது. திங்கட்கிழமை வெடித்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை. அன்று கொழுந்தன் ஒரு வாளி மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக வந்து, நாள் முழுக்க இன்ஜினைத் துடைத்தான். துடைத்து முடித்ததும் அதோடு நின்று படம் எடுத்து, 'அண்ணன் விட்டுச்சென்ற தெய்வம்' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினான். முப்பத்தெட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, கொழுந்தன் வரச் சொல்லியிருந்த பழைய இரும்புக்காரர் முதலில் வந்து, லாரியைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அவருக்கு டீ கொடுத்தாள். கொழுந்தனும் டாக்டரும் வந்து சேர்ந்தார்கள். பிறகு சமையலறையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, பாத்திரம் கழுவப் போறீங்களா?" என்றார் டாக்டர்.

"கழுவுனது போதும்ணே. தம்பி, நீ ஏறி உக்காந்து ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே இரு. வண்டி அணையக் கூடாது."

"நானா அண்ணி?"

"அண்ணன் பேசுறாருன்னியே, பக்கத்துல இருந்து கேளு."

இந்தச் சோதனையைக் கணவர் செய்யும்போது பக்கத்தில் டார்ச் பிடித்தவள் அவள். ஓடுகிற இன்ஜினில், ஷாக் அடிக்காத கையுறையோடு, சிலிண்டருக்குப் பொறி தரும் ஒவ்வொரு பிளக்கின் வயரையும் ஒரு நிமிடம் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் வண்டி இன்னும் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். எதுவுமே மாறாவிட்டால் அது சும்மா நிற்கிறது. குடும்பத்திலும் ஆளை இப்படித்தான் கண்டுபிடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் வயரைக் கழற்றினாள், தள்ளாடியது. இரண்டாவது, தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. கார்புரேட்டரின் தும்மல்தான் நின்றது. நான்காவது உழைத்தது. ஐந்தாவதும் உழைக்கவில்லை, ஆனால் சைலன்சர் வாயை மூடிக்கொண்டது. ஆறாவது உழைத்தது.

"வண்டிய அணைச்சுட்டு இறங்கு தம்பி," என்றாள். "ஞாயித்துக்கிழமை இந்த வயரையெல்லாம் கழட்டுனியா?"

"கழட்டாம எப்படித் துடைக்கிறது? ஒவ்வொண்ணா கழட்டி, துடைச்சு, அதே இடத்துல மாட்டிட்டேன்."

"எல்லாத்தையும் அதே இடத்துலயா?"

"ஆமா. ரெண்டு மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க கிடந்துச்சு. பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு அண்ணி. படம் வேற எடுக்கணும். அதான் நேராக்கி ஒழுங்கு பண்ணேன்."

இரும்புக்காரர் டீ புரையேறி இருமினார். டாக்டர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் சொருகப் பார்த்தார். அது நீளம், போகவில்லை.

வயர் இடம் மாறினால் பொறி தப்பான நேரத்தில் தப்பான சிலிண்டருக்குப் போகும். அவள் மூன்றையும் ஐந்தையும் பிடுங்கி, பழையபடி குறுக்கே போட்டு இடம் மாற்றி மாட்டினாள். ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒருமுறை கனைத்தது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு வரை காலை ஆறரைக்குச் சமையலறை வரைக்கும் கேட்கும் சத்தம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தாள்.

இறங்கியபோது இரும்புக்காரர் எழுந்து நின்று இன்ஜினை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மறதியாக டம்ளரை மட்கார்டு மேல் வைத்திருந்தார். பாதி டீ. அதில் ஒரு வளையம் ஓடியது. சிந்தவில்லை.

"ஓடுற வண்டிய நான் தொடுறதில்லம்மா," என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

"வயரைத்தான் இன்னைக்குப் பார்க்கணும்னு நினைச்சேன்," என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல்.

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பார்த்தீங்களா அண்ணி? அண்ணனுக்குக் கோவம் தீந்துருச்சு."

"அவருக்கு உன் மேல கோவமே கிடையாது தம்பி. எனக்குத்தான்."

அவன் சிரிக்கலாமா என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே, பழக்கதோஷம், குறுக்கே கிடந்த வயரை நேராக்கக் கையை நீட்டினான்.

அவள் பானட்டை இறக்கினாள். விரலை அவன் இழுத்துக்கொண்டது நல்லதாயிற்று.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு லோடு," என்றாள். "படம் எடுக்கணும்னா தெருவுல நின்னு எடுத்துக்கோ."