சதாக்லோவில் பெஸ்தி சொன்ன எண்

பெஸ்தி ஒரு எண்ணைச் சொன்னால் அதுதான் எண். ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் போர் நடத்திப் பேச்சை முறித்துக்கொண்டு வருஷம் பல ஆகியிருந்தது. எங்கள் ஆர்மீனியத் திராமுக்கு அவர்களுடைய மனாத் எத்தனை என்று எந்த வங்கியும் வாயைத் திறக்காது. ஜார்ஜிய மண்ணில் இருந்த சதாக்லோ சந்தையில்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து விற்போம், வாங்குவோம். அங்கே ஒரு பழைய பஸ் சீட்டைத் தரையில் போட்டு உட்கார்ந்திருந்த பெஸ்திதான் இரண்டு நாட்டுக்கும் வங்கி.

காலையில் இரண்டு வரிசையிலும் நடப்பாள். எங்கள் மீன் என்ன விலை, அவர்கள் தேயிலை என்ன விலை என்று விசாரிப்பாள். பிறகு வந்து உட்கார்ந்து எண்ணைச் சொல்வாள். நான் நுவார்த், செவான் ஏரி மீன் விற்பவள். லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை, என் புருஷனைக் கேட்டாலே தெரியும். அவளை மெச்சினேன்.

2006 ஜனவரியில் அஜர்பைஜான் தன் நோட்டில் இருந்த பூஜ்யங்களை வெட்டிவிட்டது. பழைய மனாத் ஐயாயிரம் கொடுத்தால் புது மனாத் ஒன்று. பழையதும் செல்லும், புதியதும் செல்லும். அதுவரை எங்கள் ஒரு திராமுக்கு அவர்களுடைய மனாத் பத்து. அதில் எங்கள் ஆட்களுக்கு ஏக மிதப்பு. புது நோட்டு சந்தைக்கு வந்த அன்று காலை பெஸ்தி சொன்னாள்:

"பழசு எப்பவும் போல பத்து. புதுசு ஒண்ணுக்கு ஐந்நூறு திராம்."

அஜர்பைஜானில் கெஞ்ஜா ஊரிலிருந்து வரும் எல்ஷாத்துக்கு வாய் சும்மா இருக்குமா? புது நோட்டு ஒன்றை என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "பாத்தியா நுவார்த், எங்க ஒத்தை நோட்டுக்கு உங்க ஐந்நூறு பேரு எந்திரிச்சு நிக்கிறாங்க!"

"நோட்டை மடிச்சு வச்சுட்டு மீனைப் பாரு" என்றேன். பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்ற கார்லெனால் அப்படி விட முடியவில்லை. அவன் அண்ணன் போரில் செத்தவன். பெஸ்தியோ சதாக்லோவிலேயே பிறந்தாலும் எல்ஷாத்தின் பாஷைக்காரி.

"நேத்து ஒண்ணுக்குப் பத்து, இன்னைக்கு ஐந்நூறா? அவ அவங்க ஆளுடா! இவ்வளவு நாளா நம்மளை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கா. எவனும் இனிமே அவகிட்ட மாத்தக் கூடாது. வண்டியில ஏத்துங்க!"

எங்கள் வரிசையில் நாலைந்து பேர் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். சந்தையை மூடப்போவதாக ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, ஒரு அடிதடி நடந்தால் போதும். அவள் எண்ணை நம்ப ஆளில்லை என்றால் சந்தையே இல்லை. சந்தை இல்லையென்றால் கெஞ்ஜாக்காரன் எங்கள் தலைநகர் எரெவானுக்கா வந்து என்னிடம் மீன் வாங்குவான்?

பெஸ்தி எழுந்திருக்கவுமில்லை, சத்தம் போடவுமில்லை. "கார்லென் தம்பி, இங்க வா. கையில ஐயாயிரம் திராம் இருக்கா? குடு."

முறைத்துக்கொண்டே கொடுத்தான். அவள் பத்து புது மனாத்தை வைத்தாள். "இந்தா. இதைப் பழசா மாத்தணும்னு கேளு."

"கேட்டேன், குடு."

ஐம்பதாயிரம் பழைய மனாத்தை எண்ணி வைத்தாள். "இப்போ இதைத் திராமா மாத்து."

அவன் நீட்டினான். அவள் ஐயாயிரம் திராமைத் திருப்பித் தந்தாள். அவனுடைய அதே நோட்டுகள், மீன் வாசனைகூடப் போகவில்லை. காலையில் நான் அவனுக்குக் கொடுத்த சில்லறை அது!

"நடுவுல நீ எடுத்துக்குற பங்கு?"

"இன்னைக்கு எவன்கிட்டயும் பங்கு கிடையாது. உங்க ஆளு, எங்க ஆளு, யாரு வேணும்னாலும் எந்தப் பக்கத்துல இருந்து வேணும்னாலும் சுத்திக்கலாம். நான் திருடியிருந்தா எங்கயாவது ஒரு இடத்துல குறையும்ல? குறைஞ்சா இந்தப் பணப் பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க."

தைரியத்தைப் பாருங்கள்! அவள் பிழைப்பே அந்தத் தகரப் பெட்டிதான். கூட்டம் கூடிவிட்டது. அடுத்து எல்ஷாத்தைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா பெரிய பணக்காரா, போன மாசம் ஒரு கிலோ சீஸுக்கு எத்தனை குடுத்தே?"

"பதினஞ்சாயிரம்."

"இன்னைக்கு?"

"மூணு."

"அடப்பாவி, பதினஞ்சாயிரம் வச்சிருந்தவன் மூணுக்கு வந்துட்டியா! வீட்ல சொல்லிட்டியா?"

இரண்டு வரிசையும் சேர்ந்து சிரித்தது. எல்ஷாத்தே காது சிவக்கச் சிரித்தான். மூட்டை கட்டியவர்கள் ஒன்றும் நடக்காதது போல அவிழ்த்தார்கள். கார்லென் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கமா சுத்து" என்று பழையதிலிருந்து தொடங்கி இன்னொரு சுற்று வந்தான். குறையவில்லை. தலையைக் குனிந்தபடி போய்விட்டான். பெஸ்தி சாயங்காலம்வரை சல்லிக்காசு எடுக்காமல் மாற்றிக் கொடுத்தாள். நான் ஒரு மீனைச் சுற்றிக்கொண்டு போனேன், அதற்கும் காசை வீசினாள் ராட்சசி.

சந்தை கலைகிற நேரம் கார்லென் வந்தான். அன்றைய வியாபாரம் முழுக்க ஒரு துணியில் முடிந்திருந்தது. அதை அவள் மடியில் வைத்தான்.

"நாளைக்குத் தேயிலை வாங்கணும். மனாத்தா மாத்தி வை."

"நாளைக்கு என்ன எண்ணுன்னு எனக்கே இன்னும் தெரியாதேடா."

"நீ சொல்றதுதானே?"

"எண்ணியாவது குடுத்துட்டுப் போ! டேய், கார்லென்!"

அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.