புருஷோத்தமனின் இடது கை

காத்தவராயன் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கினவன். தட்டாஞ்சாவடியில் ஒரு மாட்டுத்தீவனக் கிடங்கில் லாரியிலிருந்து இறக்குவதும் அடுக்குவதும்தான் வேலை. கிடங்கை மூடினபோது அவனுக்கு வயசு நாற்பத்தாறு. இனி எவன் சேர்த்துக்கொள்வான்? லாஸ்பேட்டையில் வயசானவர்களையும் கைகால் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நாலு மாசப் படிப்பு இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு எழுத்துக் கூட்டப் பழகினவன் அவன். தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டான்.

இரண்டு மாசம் வகுப்பு, இரண்டு மாசம் முதியோர் இல்லத்தில் நேரடிப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் நிர்மலாதேவி, முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். முதல் நாளே ஆள் உயரப் பொம்மை ஒன்றைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். காத்தவராயன் ஒரே மூச்சில் தூக்கித் தோளில் போட்டான்.

"யோவ், அது ஆளுய்யா. லாரியில ஏத்தப் போறியா?" என்றார் சிஸ்டர்.

"ஏத்தி உடுங்கண்ணே, விழுப்புரம் போய்ச் சேரட்டும்" என்றாள் கூடப் படித்த பூவிழி. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

இல்லத்தில் அவனுக்கும் பூவிழிக்கும் ஆண்கள் அறையைக் கொடுத்தார்கள். எட்டுக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் புருஷோத்தமன். தபால் ஆபீஸில் தபால் பிரித்துக்கொண்டிருந்தவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது. அந்தக் கையால் கட்டிலோரக் கம்பியைப் பிடித்து எழுந்து, பக்கத்தில் இருக்கும் சக்கர நாற்காலிக்கு மாறிவிடுவார்.

அவருடைய மகள் சுவேதா அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் ஆள் கிடையாது. அப்பா தானாக நாற்காலிக்கு மாறி பாத்ரூம் போய்வந்துவிடுவார் என்றால் அடுத்த மாசக் கடைசியில் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். புருஷோத்தமன் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தார்.

கட்டிலில் தொங்கிய அட்டையைக் காத்தவராயன் விரல் வைத்துப் படித்தான். 'இடது கையால் தானே செய்ய விடவும். நேரம் ஆனாலும் காத்திருக்கவும்.' இரண்டு தரம் படித்தான். நன்றாகவே புரிந்தது.

முதல் வாரம் காத்திருந்தான். சட்டை போட அவருக்கு இருபது நிமிஷம் ஆகும். முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், அப்புறம் நல்ல கை, அப்புறம் பொத்தான். பொத்தான் நழுவும். மறுபடி பிடிப்பார். மறுபடி நழுவும். நெற்றி வேர்த்து உதடு கோணிக்கொண்டு நடுங்கும். அந்தப் பக்கம் மற்ற ஏழு பேரில் ஒருவர் தண்ணீர் கேட்பார், ஒருவர் ஈரத்தில் கிடப்பார். ஒரு ஆள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது காத்தவராயனுக்குப் பழக்கமே இல்லை. கிடங்கில் சும்மா நின்றவனுக்குக் கூலி கிடையாது.

எட்டாம் நாள், நழுவின பொத்தானை அவனே போட்டுவிட்டான். புருஷோத்தமன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சட்டை முழுவதும். அதற்கடுத்த நாள், கம்பியை நோக்கிப் போன அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நீங்க ஏன் சாமி கஷ்டப்படணும், நான் எதுக்குக் கீறேன்?" என்று பூப்போலத் தூக்கி நாற்காலியில் வைத்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் சோறு ஊட்டினான், பல் தேய்த்துவிட்டான். அறை முழுக்க அவன் பேர்தான். காத்தவராயா, காத்தவராயா என்று மற்ற ஏழு கட்டிலிலும் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவன் தூக்கிய எதுவும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பூவிழிதான் ஒருநாள் மெல்லச் சொன்னாள். "அண்ணே, அட்டையில வேற மாதிரி போட்டுருக்கு இல்ல?"

"எனக்கும் படிக்கத் தெரியும். பாவம்மா அந்த மனுசன். நீ கண்ணால பாத்தியா, இன்னா பாடு படுறாருன்னு?"

சிஸ்டர் வாரம் ஒருமுறை வந்து மேற்பார்வை பார்ப்பார். அவர் வருகிற நாளில் எட்டுப் பேரும் குளித்துச் சட்டை மாற்றிப் பளிச்சென்று உட்கார்ந்திருப்பார்கள். "ஆள் தேறிட்டியே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சொன்னபடியே மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சுவேதா வந்தாள். புருஷன் வாசலில் ஆட்டோவோடு நின்றான். அன்றைக்கு சிஸ்டரும் இருந்தார். நாற்காலியை நல்ல கைப் பக்கம் கொண்டுவந்து பிரேக் போட்டார். புருஷோத்தமனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதம் இரண்டையும் தரையில் பதியவைத்தார்.

"எங்க, எழுந்திரிங்க பாப்போம். கம்பியப் புடிங்க."

புருஷோத்தமன் கம்பியைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற காத்தவராயனைத் தேடிப் பார்த்து, கழுத்தைக் கட்டிக்கொள்வதுபோல இடது கையை நீட்டினார்.

சிஸ்டர் திரும்பினார். அவருக்கு எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "காத்தவராயா, நீ வெளிய போ."

அவன் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று சிஸ்டர் எண்ணுவது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி எண்ணினார். மறுபடி கிறீச். நாலாவது தரம் எண்ணி முடிப்பதற்குள் சுவேதாவின் குரல் வந்தது. "போதும் சிஸ்டர். விட்டுடுங்க. அப்பாவுக்கு மூச்சு வாங்குது."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் அவனிடம் நின்றாள். "நீங்க நல்லா பாத்துக்குறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. அந்தத் தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்."

தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவனால் முடியவில்லை. "போன மாசம் அவரு தானா எழுந்தாரும்மா. நான்தான் உடல. பாக்கச் சகிக்காம நானே தூக்கித் தூக்கி வெச்சிட்டேன்."

சுவேதா அவனையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தேவலை.

"கீழ் வீடு ஒண்ணு பேசி வெச்சிருந்தோம். படி ஏற வேணாம்னு. அப்பாக்கும் தெரியும்" என்றாள். பிறகு, "இப்ப எங்கிட்ட சொல்லி இன்னாண்ணே ஆவப் போவுது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது.

சிஸ்டர் வந்தபோது அவன் அங்கேயேதான் நின்றிருந்தான்.

"உன்ன ஃபெயில் பண்ணலாம்னுதான் நெனச்சேன். உன்ன மாதிரி இந்த வேலையில நெலச்சு நிக்கிற ஆளு எனக்குக் கெடைக்கல. அதனால பண்ணல" என்றார். "பாவம் பாக்குறது வேற, பராமரிக்கிறது வேற. இத ரெண்டு மாசம் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். இனிமே அந்தக் கட்டில்கிட்ட நீ போகாத. பூவிழி பாத்துக்கும்."

"மறுபடி வருமா சிஸ்டர், கைக்கு அந்தப் பலம்?"

"வரலாம். வராமலும் போவலாம். அந்த வயசுல ஒரு மாசம்ன்றது சின்னதா?"

பாஸ் ஆகிவிட்டான். அதே இல்லத்தில், அதே அறையில் வேலையும் கிடைத்தது. கார்த்திகை போய் மார்கழி வந்துவிட்டது. கட்டிலோரக் கம்பியில் புருஷோத்தமனின் விரல் ஒரு நொடி நிற்கிறது, அப்புறம் வழுக்கிவிடுகிறது என்று பூவிழி சொல்கிறாள். சுவேதா போனில் விசாரிப்பதோடு சரி. கீழ் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்களாம்.

காலையில் காத்தவராயன் அறைக்குள் நுழைந்ததும் புருஷோத்தமன் இடது கையைத் தூக்கி அவன் பக்கம் நீட்டுவார். தினமும் நீட்டுகிறார். ஏன் இவன் நம்மிடம் வருவதில்லை, என்ன கோபம் என்று அந்த முகத்தில் இருக்கும். அந்தக் கை கீழே இறங்குவதைப் பார்க்க நிற்காமல், அவன் அடுத்த கட்டிலுக்குப் போகிறான்.