பதினேழாவது காய்

2011 யூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், குறிஞ்சிப்பிட்டியில் நபீலாவின் சாப்பாட்டு மேசையிலிருந்த சதுரங்கப் பலகையில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று தானாக இரண்டு கட்டம் நகர்ந்தது. அதிலிருந்து பதினோராம் நாள் கட்டாரிலிருந்து புருஷன் ஹயாத்து முகம்மதுவின் காகிதம் வந்தது; அதிலும் அதே நகர்த்தல்தான். நடுச் சிப்பாய்களைத் தொடாமல், ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்றதை நகர்த்தியிருந்தான்.

"சுத்தி வளைச்சு வாறாரு," என்றாள் நபீலா, வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுச் சபூராவிடம்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகளாக அகதி முகாமில் அவளும் புருஷனும் பழகிய விளையாட்டு அது. தொலைபேசிக் கதையை மாமியும் பக்கத்திலிருந்து கேட்பாள். காகிதம் அவர்கள் இருவருக்கு மட்டும். அவன் அங்கே தீர்மானித்ததும் இங்கே காய் நகரும். ஊரார் வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.

பதினேழாவது நகர்த்தல் காகிதத்தில் வந்தது, காய் நகரவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றாள் சபூரா. நபீலா கையால் நகர்த்தினாள். அதன்பிறகு எல்லாமே அப்படித்தான். அவன் காகிதங்களில் நகர்த்தலைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அவள் மட்டும் விடாமல் எழுதினாள். தங்காமல் போன பிள்ளைக்குத் தான் மனதுக்குள் வைத்த பெயரைக்கூட எழுதினாள்.

ஒன்றரை வருடம் கழித்து ராணியை இழந்தபோது, காகிதங்களை அடுக்கி, இரவல் பலகையொன்றில் முதலிலிருந்து ஆடிப் பார்த்தாள். பதினாறு வரை அவசரப்படாமல் ஓரத்தாலேயே வந்தவன், பதினேழில் குதிரையைப் பலிகொடுத்து நடுவால் பாய்ந்திருந்தான். அது அவன் புத்தி அல்ல.

"பதினேழாவது காய ஆரு வெச்ச?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"வேல கூடிப்போச்சு நபீலா. அறையில நஸீம் நல்லா ஆடுவான். அவனுக்கிட்டக் குடுத்துட்டன்."

"என்ட காகிதமெல்லாம்?"

"அவன்தான் வாசிக்கிற."

"அப்ப புள்ளட பேரு ஒங்களுக்குத் தெரியாது."

"என்ன பேரு?"

நபீலா தொலைபேசியை மாமியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெயர் இப்போது முகம் தெரியாத ஒருவனிடம் இருந்தது.

2015இல் அவன் போர்வைகளும் சவர்க்காரமுமாக வந்திறங்கினான். மூன்றாம் நாள் பகல், சமாதானமாகிவிடலாம் என்று பலகை முன் அமர்ந்து வெள்ளை மந்திரியைப் பிடித்தான். அது அசையவில்லை. இரு கையாலும் இழுத்தான், மேசைதான் எழும்பியது.

"அது நஸீம்ட ஆட்டம்," என்றாள் நபீலா, கறி ஊற்றியபடி. "நீங்க சாப்புடுங்க."

பலகையை இன்றுவரை யாராலும் எடுக்க முடியவில்லை. சோற்றுப் பீங்கான்களை அதைச் சுற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள்; விருந்தாளி வந்தால் ஒருவருக்கு மட்டும் இடம் போதாது.