உப்புக்கு அடங்காதது

எல்லையம்மாள் உப்பை நம்பிய அளவுக்குச் சாமியைக்கூட நம்பியதில்லை. நாகூர்க் கடலோரத்தில் கருவாடு போட்டே காலத்தை ஓட்டியவள். உப்புப் பட்ட இடத்தில் புழுவாவது, அழுகலாவது.

அவளுடைய பூனை ரத்தமாகக் கழிந்து செத்தபோது, மாட்டாஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "இது வைரஸ்ம்மா. பூனை போனாலும் கிருமி தரையில, கூடையில ஒரு வருசம் உசுரோட கிடக்கும். தடுப்பூசி போடாம வேற குட்டியக் கொண்டாந்துடாதீங்க. ஊசி மெட்ராஸ்லதான் கிடைக்கும்."

"ஒரு வருசமா? அதுவரைக்கும் எலி கருவாட்ட விட்டுவைக்குமா சார்?"

பக்கத்து நெல்வயலை இறால் பண்ணைக்காரர்கள் வளைத்துப்போட்டதிலிருந்து, அங்கிருந்த எலிகள் அத்தனையும் அவள் வீட்டுக்குத்தான் குடிவந்திருந்தன.

அவள் ஒன்றும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. கடல் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து வீட்டைக் கழுவினாள். பூனை படுத்த கூடையைக் கல் உப்பால் தேய்த்துச் சுடுமணலில் காயப்போட்டாள். இதற்கும் மேலே எந்தக் கிருமி பிழைத்துவிடும் என்று, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்து அதே கூடையில் விட்டாள்.

சில நாள் துள்ளிக்கொண்டு திரிந்தது. பிறகு ஒரு காலையில், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. செத்த பூனையும் முதலில் இப்படித்தான் உட்கார்ந்தது.

விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். நக்கவில்லை.

பின்னால் சாக்குக்குள் எலி கருவாட்டைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. குட்டி காதைக்கூட அசைக்கவில்லை.