ஏழாம் கூண்டின் பூட்டு

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருந்த குரங்கு ஆராய்ச்சிக் கூடத்தில் பதினோரு வருஷமாகத் தீனி போடுகிறவர் காமராஜ். வயதானால் ஞாபகம் எப்படிக் குறைகிறது என்று பார்க்கத்தான் அந்தக் குரங்குகள். டாக்டர் சுதாராணி இரண்டு மூடிகளில் ஒன்றின் அடியில் கடலையை வைத்துத் திரையை இறக்குவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைத் தூக்கினால், இளசுகள் சரியான மூடியைத் திறக்கும். கிழடுகள் திகைத்து உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் ஒருநாள் காலை, அலறல் கேட்டுக் காமராஜ் கொட்டகைக்குள் ஓடினார். ஏழாம் கூண்டுக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த கதவு திறந்து கிடந்தது. எட்டிலிருந்த இளங்கடுவன், ஏழிலிருந்த கிழட்டுக் கடுவன் மேல் ஏறிக் கழுத்தைக் குதறிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ரத்தம்.

காமராஜ் பதறிக் கையை உள்ளே விட்டார். வலியில் கிழடு, சோறு போட்ட அந்தக் கையையே கவ்வியது. விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது. கூட வேலை பார்க்கும் செண்பகராஜ் இரும்புக் குழாயோடு ஓடிவந்து, கம்பி இடுக்கு வழியாக இளசை இடித்தான். மண்டை பிளந்த பிறகுதான் அது பிடியை விட்டது.

"கதவ யாரு திறந்து போட்டது?" என்று கத்திக்கொண்டே வந்தார் சுதாராணி.

"சாயந்தரம் நான் பூட்டிட்டுத்தான் போனேன் மேடம். காலையில கூண்டு கழுவுனது இவன்தான்," என்றார் காமராஜ்.

"அண்ணாச்சி, நான் அந்தக் கதவத் தொடவேயில்லையே!"

"பொய் சொல்லுதியாலே?" காமராஜ் நல்ல கையால் ஓங்கி அறைந்தார். செண்பகராஜின் உதடு கிழிந்தது.

தன் விரல் காயத்தைச் சுற்றக் கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார். ஏழாம் கூண்டின் பித்தளைப் பூட்டு தட்டுப்பட்டது. யாரும் பார்க்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். வெளியே எடுத்து நீட்டினார்.

"இவன் மேல தப்பில்ல மேடம். பூட்டுன மாதிரியேதான் இருக்கு எனக்கு."

சுதாராணி குரல் தணிந்தது. "இதுக்கு முன்னாடியும் இப்படி ஆகியிருக்கா?"

"போன மாசம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, வீட்டுக்கு வழி தெரியாம நின்னேன். பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல."

இரண்டு கடுவன்களும் பிழைக்கவில்லை. செண்பகராஜ்தான் அவரை மொபெட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பாதி வழியில் கேட்டான்.

"என்னைய அடிச்சது ஞாபகம் இருக்குல்லா அண்ணாச்சி?"

"இருக்குலே."

"மறந்துராதீங்க," என்றான் செண்பகராஜ், திரும்பிப் பார்க்காமல்.